ஒரு செருமலில் நின்ற பேச்சு

என் மகனுக்கு,

நீ இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய். கிளம்புவதற்குள் இது உன் கையில் சேர்ந்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதத் தொடங்கி, அவசரமாக எழுதக் கூடிய விஷயம் இல்லை என்று தெரிந்து, மேசையிலிருந்து எழுந்து போய் மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள்தான். ஆனால் கையில் புத்தகம் இல்லாமல், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து மனசில் இருப்பதைச் சொல் என்றால் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவேன்.

போன வாரம் தொலைபேசியில் நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். அமெரிக்காவுக்கு அனுப்புவதற்கு முன்னால் உங்கள் ஆபீசில் பேச்சு வகுப்பு வைக்கிறார்களாம். நீ பேசும் ஆங்கிலம் அங்கே இருப்பவர்களுக்குச் சரியாகப் புரியாதாம். "இந்த வயசுல நாக்கை மடிக்கக் கத்துத் தர்றாங்கம்மா" என்றாய். நானும் சிரித்தேன். ரிசீவரை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி அணைந்த வாடை வந்த பிறகுதான் அடுப்பு ஞாபகமே வந்தது.

உன் அப்பா இறந்த அன்று வெள்ளை முண்டாசோடு ஒரு கிழவர் வந்து, தலைமாட்டில் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதாரே, அவர் பெயர் கன்னையன். "எழுந்திர்ரா வாயாடி! தெருவையே சிரிக்க வெச்சவன், இன்னாடா கம்முனு படுத்துக்கினு இருக்குற? ஒரு வார்த்தை பேசுறா மச்சான்" என்று அவர் கதறினார். கூட வந்திருந்த வயசான நெசவாளிகள் அழுதுகொண்டே சிரித்தார்கள். நீ என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாய். "அவர் யாரைம்மா சொல்றார்? அப்பாவையா?" நான் தலையை மட்டும் ஆட்டினேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் போன பிறகு, சாப்பாட்டு இலையின் முன்னால் உட்கார்ந்து நீ கேட்டது வேறு. "அப்பாவுக்கு என்னைப் பிடிக்காதாம்மா? எனக்கு நினைவு தெரிஞ்சு அவர் என்கிட்ட சேர்ந்தாப்போல நாலு வார்த்தை பேசினதில்லை. ஒருநாள் விளையாட்டுக்கு நைனான்னு கூப்பிட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு எழுந்து போயிட்டார்." அன்றைக்கு நான் சொன்ன பதில், "அப்படியெல்லாம் இல்லடா, சாப்பிடு." பதில் சொல்லத் தெரியாத அம்மாக்கள் எல்லோரும் சொல்வது. அந்தக் கேள்வியை நீ கடல் தாண்டி எடுத்துக்கொண்டு போகக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என்னிடமிருந்தே தொடங்க வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் முதலில் பி.ஏ. படித்தவள் நான். ஆண்களையும் சேர்த்துச் சொல்கிறேன். அரசாங்க உதவிப் பணத்தில் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தேன். போன முதல் நாள் காலையில் குழாயடியில் நின்றிருந்த பெண்களிடம், "தண்ணி வந்துக்கினு இருக்குதா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள், இன்னொருத்திக்குப் பொத்தவும் தோன்றவில்லை. அப்புறம் நான் நடந்து போனால் பின்னால் "வந்துக்கினு இருக்குது, போயிக்கினு இருக்குது" என்று ஒரு குரல் தொடரும். கெட்ட பெண்கள் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர்களும் அவர்களேதான். ஆனால் அந்த மூன்று வருஷத்தில் நான் வாய் திறந்தது குறைவு. காதை மட்டும் திறந்து வைத்திருந்தேன். அவர்கள் எந்தச் சொல்லை எப்படி முடிக்கிறார்கள், எங்கே மெதுவாக்குகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, ஊருக்குத் திரும்பும்போது வேறொரு நாக்கோடு வந்தேன். என் அப்பாவிடம் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டேன். தறியில் உட்கார்ந்திருந்தவர் இழை ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். "இன்னாமா, ரேடியோப் பொட்டி மாதிரி கேக்குற?" என்றார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அங்கே ஒரு சிரிப்பு, இங்கே ஒரு சிரிப்பு. இரண்டுக்கும் நடுவில் பேசாமல் இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

படித்த மாப்பிள்ளை வீட்டார் கேட்டதை எங்களால் செய்ய முடியவில்லை. உன் அப்பா பள்ளி இறுதி வரை படித்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தவர். கல்யாணமான முதல் வாரம் நான் அவரிடம் எதற்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சோறு போடும்போது என்னைப் பார்த்துச் சொன்னார். "இன்னாமே, பி.ஏ. குடுக்கிறப்போ இனிமே பேச மாட்டேன்னு எழுதி வாங்கிக்கினாங்களா?" எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. கையில் இருந்த குழம்புக் கரண்டி ஆடி, அவர் வேட்டியெல்லாம் குழம்பு. "பாரு, சத்தம் வருது! பொட்டி நல்லாத்தான் இருக்குது" என்றார். ரேடியோப் பொட்டிக் கதை அவர் காதுக்கும் போயிருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தது பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

நீ அறிந்த அந்த மனிதரை மறந்துவிட்டு இதைப் படி. உன் அப்பா பேசினால் தெருவில் தறிகள் நிற்கும். எங்கள் தெருவில் எல்லோரும் உரக்கத்தான் பேசுவார்கள். தறிச் சத்தத்தில் மெதுவாகப் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. சுவருக்கு அந்தப் பக்கம் தெலுங்கு பேசுகிற கன்னையன் வீட்டுத் தறி, இந்தப் பக்கம் எங்கள் தறி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே நாள் முழுக்கப் பேச்சு ஓடும். இவர் ஒரு கதையைத் தொடங்குவார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் பல்செட் காபி டம்ளரில் விழுந்த கதை, முதலாளி வீட்டு நாய்க்குப் பயந்து இவர் சேலை மூட்டையோடு மரத்தில் ஏறிய கதை. கதை முடியப் போகும் இடம் வந்தால் முதலில் கன்னையன் தறி நிற்கும். அதற்கப்புறம் அடுத்த வீட்டுத் தறி. ஒரு நிமிஷம் தெருவே அமைதியாக இருக்கும். பிறகு சிரிப்பு. "ஏமிரா, நீ வாயில எத்தன நாடா ஓடுதுரா!" என்று கன்னையன் சுவரைத் தட்டுவார். தறிகள் மறுபடி ஓடத் தொடங்கும்.

அந்தத் தெருவிலேயே ஒரு முணுமுணுப்பும் இருந்தது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்த பிறகு அது வளர்ந்தது. "பொண்டாட்டி நாற்காலியில, புருஷன் குழியில." எங்கள் தறிகள் குழித்தறிகள். காலை இறக்கிக் குழிக்குள் வைத்துத்தான் நெய்ய வேண்டும். அதைச் சொன்னவர்களிடம் அவர், "ஆமா, குழியில கீறவன் எழுந்தா நாற்காலிக்காரி பயந்துக்குவா" என்று சிரித்துக்கொண்டு போய்விடுவார். எனக்குத்தான் தைத்தது. ஊரில் ஒரு பெரிய பட்டுக்கடையில், கல்யாணச் சேலை எடுக்க வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டிப் பேச ஆள் வேண்டும் என்று தெரிந்தபோது, அவரைப் போகச் சொன்னவள் நான். பட்டும் தெரியும், பேச்சும் தெரியும், வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். அவர் போய்விட்டு வந்து வாசலிலிருந்தே கூவினார். "சிரி சிரின்னு சிரிச்சாங்கமே! முதலாளி கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. இன்னொரு வாட்டி சொல்லு, இன்னொரு வாட்டி சொல்லுன்னு கேட்டாங்க. வேலை நம்புளுதுதான்!" தண்ணீர்ச் சொம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்தச் சிரிப்பு எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

வேலை வேறொருவருக்குப் போனது. அந்தக் கடையில் கணக்கெழுதிய எங்கள் தெருக்காரர் ஒருவர் பிறகு வந்து சொன்னார். "முதலாளிக்கு உன்னைப் புடிச்சுதான் இருக்குது. ஆனா பெங்களூர்லேர்ந்து, மெட்ராஸ்லேர்ந்து பெரிய மனுஷங்க வர்ற கடை. நீ வாயைத் தொறந்தா சேலைக்கு மதிப்புக் கொறையும்னு சொல்றாரு." சேலை காஞ்சிபுரத்தில் நெய்ததாக இருக்க வேண்டும், நெய்த ஊரின் பேச்சு மட்டும் கடைக்குள் வரக் கூடாது. உன் அப்பா அவரைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். பிறகு என்னிடம் வந்து, "உங்க காலேஜ்ல உன்னையும் பார்த்து சிரிச்சாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப எனக்கும் சொல்லிக் குடு" என்றார்.

இங்கேதான் நான் எங்கள் தெருவில் பிறந்தவள் மட்டுமே செய்யக் கூடிய ஒரு தவறைச் செய்தேன். சின்ன வயசில் என் அப்பாவின் தறியில் சேலைக் கரைக்கான நாடாவை ஓட்ட ஓரத்தில் உட்காருவேன். இழை அறுந்தது என் கண்ணில் பட்டால், கை வேலையாக இருப்பதால், லேசாகச் செருமுவேன். அப்பா உடனே தறியை நிறுத்துவார், அறுந்த இழையைத் தேடி முடிவார், மறுபடி ஓட்டுவார். ஒரு இழையை விட்டுவிட்டால் சேலை நெடுக அந்தக் குறை ஓடும். அதனால் அறுந்த உடனே நிறுத்த வேண்டும் என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பால்குடி வயசிலேயே தெரியும். பேச்சும் அப்படித்தான் என்று நினைத்தேன். அவருக்கும் அது இயல்பாகப் பட்டது. இரண்டு பேரும் தறிக்காரர்கள்தானே. "நாலு பேர் எதிர்ல தப்பு வந்தா நீ செருமு. நான் புடிச்சுக்கிறேன்" என்று அவரேதான் சொன்னார்.

கல்யாண வீடுகளில், என் தலைமை ஆசிரியை வீட்டில், பேருந்தில், கோயில் பிராகாரத்தில், அவர் பேசுவார், நான் பக்கத்தில் நின்று கேட்பேன். "இருக்குது" என்று வந்தால் ஒரு செருமல். "வந்துக்கினு" என்றால் ஒரு செருமல். அவர் பாதியில் நிறுத்தி, சொல்லை மாற்றி, தொடர்வார். வேகமாகக் கற்றுக்கொண்டார். அடுத்த முறை அதே கடையில் இடம் காலியானபோது அவருக்கே வேலை கிடைத்தது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லையாம். மல்லிகைப் பூவும் இனிப்பும் வாங்கிக்கொண்டு வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று இரண்டு பேருமே அதிகம் பேசவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் கவனிக்கிறவள் என்று பெயர் எடுத்தவள்.

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு போர்ஷனுக்குக் குடிவந்தோம். தறிச் சத்தம் இல்லாத தெரு. பின்கட்டில் இருந்த வீட்டுக்கார அம்மாள் முதல் மாதமே என்னிடம், "உங்க வீட்டுக்காரர் ரொம்ப சாதும்மா, இருக்கிற இடமே தெரியலை. இப்படிப்பட்ட குடித்தனம் கிடைக்கணுமே" என்று சொன்னார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு உன் அப்பாவிடமே போய்ச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னையன் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். தெருமுனையிலேயே, "டேய் மச்சான்! எந்த ஊடுடா?" என்று கூவினார். இரண்டு ஜன்னல்கள் திறந்தன. உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிப் போய், அவர் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, தாழ்ந்த குரலில், "வாங்க, உட்காருங்க. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?" என்றார். கன்னையன் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஒடம்புக்கு இன்னாடா?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். காபியைக் குடித்துவிட்டு எழுந்தவர், வாசலில் என்னிடம், "அவனைக் கொஞ்சம் பார்த்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு உன் அப்பா இறந்த அன்றுதான் வந்தார்.

நீ வயிற்றில் இருந்த வருஷம் மார்கழிப் பனியில் எனக்கு நெஞ்சுச் சளி கட்டிக்கொண்டு இருமல் வந்தது. ஒரு மாலை உன் அப்பா கடையிலிருந்து முகம் மலர்ந்து வந்தார். அப்படி வந்து வெகு நாளாகியிருந்தது. சேலத்திலிருந்து வந்த கல்யாணப் பார்ட்டி ஒன்றில், மாப்பிள்ளையின் பாட்டி முகூர்த்தச் சேலையைத் தனக்கே கட்டிப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்த கதை. "அந்தக் கெழவி சேலையைத் தோள்மேல போட்டுக்கினு..." என்று தொடங்கினார். நான் இருமினேன். அவர் நின்றார். "போட்டுக்கொண்டு" என்று மாற்றினார். "கண்ணாடி எதிர்ல நின்னு..." மறுபடியும் இருமல். என்னைப் பார்த்தார். எந்தச் சொல் தப்பு என்று கண்ணால் தேடினார். "எதிரில் நின்று" என்றார். எனக்கு மூன்றாம் முறையும் இருமல் வந்தது. "சரி விடு, பெரிதாக ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டார். அது வெறும் இருமல்தான் என்று நான் பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். அவருக்கே புரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். அந்தப் பாட்டிக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பது எனக்கு இன்று வரை தெரியாது.

நீ பிறந்தாய். உன்னை அவர் தூக்குவார், குளிப்பாட்டுவார், ஈரத்துணி மாற்றுவார். பேச மாட்டார். அந்தக் காலத்து ஆண்கள் செய்யாததையெல்லாம் செய்தவர், குழந்தையிடம் எல்லோரும் செய்கிற ஒன்றை மட்டும் செய்யவில்லை. ஏன் என்று நான் கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, தன் பழைய பேச்சில் சொன்னார். "எம் பேச்சு அவனுக்கு ஒட்டிக்கினா இன்னா பண்றது? எவ்ளோ தேச்சாலும் அடியில கீது மே, எனக்குத் தெரியும். பச்சைப் புள்ள அதைத்தான் மொதல்ல புடிச்சுக்கும். நீயே பேசு. அவனுக்கு உன் பேச்சு வரட்டும்." நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். எனக்கு அப்போது மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

நீ சொன்ன அந்த நாள் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தாய். தெருவில் விளையாடிவிட்டு வந்து, யாரிடமோ கேட்ட சொல்லை வைத்துக்கொண்டு, "நைனா, துட்டு குடு நைனா" என்று அவர் மடியில் விழுந்தாய். எங்கள் தெருவில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். அவரும் தன் அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டார். அவர் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க முடியாது, உன் தலை அவர் மடியில் இருந்தது. வாயைத் திறந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். சத்தியமாக நான் செருமவில்லை. அவர் பார்த்த பிறகு நான் சும்மா இருந்ததே போதுமாக இருந்தது. உன்னை மெல்ல நகர்த்திவிட்டு எழுந்து போனார். கிணற்றடியில் வாளிக்குள் கையை விட்டபடி நின்றிருந்தார். முகம் கழுவவில்லை. அந்த நேரத்தில் முகம் கழுவினால் அழுதது எனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

அந்த வகுப்புக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. போ. கற்றுக்கொள். வேலை வேண்டும், நாலு பேர் மதிக்க வேண்டும், வாயைத் திறந்ததும் சிரிக்காமல் கேட்க வேண்டும். அந்த ஆசையைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. கடையில் எப்படிப் பேச வேண்டுமோ அப்படி உன் அப்பா பேசியது தப்பில்லை. கடை மூடிய பிறகும் வீட்டில் ஒருத்தி செருமக் காத்திருந்தாள், அதுதான் தப்பு. ஆபீசில் உன் நாக்கை எப்படி வேண்டுமானாலும் மடித்துக்கொள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்த பிறகு உன்னோடு இருக்கப் போகிறவள் எந்தப் பேச்சில் வேண்டுமானாலும் உன்னிடம் பேசட்டும். அவள் பேசும்போது நீ சொற்களைக் கேட்காதே, அவளைக் கேள். உனக்குக் குழந்தை பிறந்தால் முதல் நாளிலிருந்தே அதனிடம் பேசு.

இனி நான் கொடுக்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. உனக்கு ஆறேழு மாதம் இருக்கும். உன் அப்பாவுக்குக் கடை விடுமுறை நாள். பள்ளியில் ஏதோ காரணத்துக்கு மத்தியானமே விட்டுவிட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே ஆண் குரல் கேட்டது. யாரோ விருந்தாளி என்று நினைத்தேன். அவ்வளவு உரக்க, அவ்வளவு உல்லாசமாக எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. கதவிடுக்கில் பார்த்தேன். தூளியில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உன் அப்பா தரையில் சம்மணம் போட்டு, தூளிக் கயிற்றைப் பிடித்து, தறிப் பலகையை இழுக்கிற தாளத்தில் ஆட்டிக்கொண்டு உன்னிடம் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு இருமல் கிளம்பியது. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் கொட்ட அப்படியே நின்று கேட்டேன். ஒரு சொல்லைக்கூட நான் மறக்கவில்லை. அவர் சொன்னபடியே எழுதுகிறேன். நீயும் உன் காதில் சத்தமாகவே கேட்டுக்கொள்.

"இன்னாடா ராசா, நைனா பேசமாட்டறான்னு கோவமா? தூங்கிக்கினு இருக்கிறப்போதான்டா பேச முடியும். முழிச்சுக்கினா புடிச்சுக்குவே, உங்கம்மா பேஜாராயிடுவா. பாவம்டா அவ, நல்லா இருக்கணும்னுதான் பண்றா. கன்னையன் மாமான்னு ஒருத்தன் கீறான், உன்னக் கூட்டிக்கினு போய்க் காட்டறேன், செவுத்துக்கு அந்தாண்ட நின்னுக்கினு இன்னா பேச்சு பேசுவான் தெரியுமா? சேலத்துக் கெழவி கதை ஒண்ணு வெச்சுக்கினு இருக்கேன்டா, யாருக்கும் சொல்லல. உனக்குத்தான். நீ பெரியவனாயிட்டு, உன் பேச்சு நல்லா ஊனிப்போச்சுன்னா, அப்பால பயமில்ல, அப்பால நைனா உங்கிட்ட ஒக்காந்து..."

நீ கண் விழித்துக்கொண்டாய். அவர் நிறுத்திவிட்டார்.

போய்ச் சேர்ந்ததும் கூப்பிடு. எந்தப் பேச்சில் வேண்டுமானாலும் பேசு, நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அம்மா